நம் அறிவியல் கட்டுரைகளில் பேராக் எங்கே?

எஸ்.பி.எம். தமிழ்த் தாளில் அறிவியலைத் தொட்டு ஒரு கட்டுரைத் தலைப்பு வந்துவிட்டால் நம் மாணவர்கள் என்ன எழுதுவார்கள் என்பது விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு மனப்பாடம். இன்றைய நவீன உலகில் அறிவியல் அசுர வளர்ச்சி கண்டுள்ளது என்று தொடங்கும். அடுத்த பத்தியில் கைப்பேசி, அதற்கடுத்ததில் செயற்கைக்கோள், பிறகு மருத்துவம். அப்துல் கலாம் ஒருமுறை வந்து போவார். தீமைகளுக்கு ஒரு பத்தி. கடைசியில் அறிவியலை நல்வழியில் பயன்படுத்துவோமாக என்று ஒரு வேண்டுகோள். இடையில் இரண்டு மரபுத்தொடர், ஒரு குறள். எழுத்துப்பிழை இல்லையென்றால் மதிப்பெண்ணும் வந்துவிடும்.

இந்தக் கட்டுரையை ஈப்போவில் உட்கார்ந்து எழுதலாம், மதுரையில் எழுதலாம், டொரொண்டோவிலும் எழுதலாம். ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஊரே இல்லாத அறிவியல் அது. யாரோ எங்கோ கண்டுபிடித்துப் பெட்டியில் போட்டு நமக்கு அனுப்பிவைத்த சாமான் மாதிரி. அதில் யாரும் கேள்வி கேட்பதில்லை, எதையும் அளப்பதில்லை. மாணவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கடையில் விற்கும் மாதிரிக் கட்டுரைத் தொகுப்புகளைப் புரட்டிப் பாருங்கள். பத்தில் எட்டு இப்படித்தான்.

வேறு எந்த மாநிலத்து மாணவர் எழுதினாலும் மன்னித்துவிடலாம். பேராக்கில் இருந்துகொண்டு இப்படி எழுதுவதுதான் பொறுக்க முடியவில்லை. தாவரவியல், வேதியியல், நிலவியல், விலங்கியல், தொல்லியல் என்று எந்தத் துறையை எடுத்தாலும் அதற்கு ஒரு சாட்சி இங்கே ஒரு மணி நேர மோட்டார் சைக்கிள் பயணத்தில் கிடைக்கும்.

முதலில் கித்தா மரத்தையே எடுத்துக்கொள்வோம். கோலகங்சாரில் மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டுக் காக்கும் ஒரு ரப்பர் மரம் நிற்கிறது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோனார். முளைத்தவை 3,000-க்கும் குறைவு. பெரும்பங்கு இலங்கைக்குப் போனது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த ஒன்பதில் மிஞ்சியது இந்த மரம். பள்ளிச் சுற்றுலாவில் போகும் பிள்ளைகள் இந்த ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் அறிவியல்; அதை யாரும் குறிப்பதில்லை.

மரம் வந்து இருபது ஆண்டு வரை அதை வைத்துப் பெரிதாக என்ன செய்வது என்று இங்கே தெரியவில்லை. பிரேசில் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள்; மரம் சீக்கிரமே பாழாகும். மரத்தைக் கொல்லாமல், நாள்தோறும், ஆண்டுக்கணக்கில் பால் எடுக்க முடியுமா? இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர் ஹென்றி ரிட்லி. 1888 முதல் 1912 வரை சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர். பட்டையை மெல்லியதாகச் சீவி, மறுநாள் அதே வெட்டின் விளிம்பையே மீண்டும் சீவினால் பால் கூடுதலாக வருகிறது என்பதையும், சீவிய இடத்தில் பட்டை திரும்ப வளர்கிறது என்பதையும் சோதனை செய்து காட்டினார். தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடச்சொல்லி ஓயாமல் நச்சரித்ததால் அவருக்குப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயர். நூறு வயது வாழ்ந்து 1956-இல் இறந்தார். தன் பைத்தியக்காரத்தனம் மலாயா முழுக்க நிரை நிரையாக நிற்பதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இனி அந்த வெட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் வெட்டுவார்கள். ஏன் இடமிருந்து வலம்? பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக மேலேறுவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து, சுமார் மூன்றரைப் பாகை, மரத்தைச் சுற்றியபடி ஏறுகின்றன. இடம் உயர்ந்து வலம் தாழ வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆழம் எவ்வளவு? உள்ளே இருக்கும் வளர்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விட்டு நிறுத்த வேண்டும். அதற்குக் குறைவாகப் போனால் மரத்தில் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அடுத்த சுற்றுக்கு அந்தப் பக்கம் உதவாது. இதை நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான மரத்தில் செய்தவர்கள் நம் மாணவர்களின் பாட்டிகளும் கொள்ளுப்பாட்டிகளும்.

ஏன் விடியுமுன்னே? தோட்டத்தில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் "வெயில் ஏறிட்டா பால் எங்கய்யா வரும்?" என்றுதான் பதில் வரும். சரியான பதில். இரவு முழுக்க இலைகள் நீரை வெளியே விடாததால் பால்குழாய்க்குள் அழுத்தம் கூடி நிற்கும். வெயில் வந்து இலை நீராவியை விடத் தொடங்கியதும் அந்த அழுத்தம் இறங்கும். பால் மெதுவாகி நின்றுவிடும். தமிழ்நாட்டுப் பாடநூல் இதை விறைப்பு அழுத்தம் என்கிறது. இலங்கைத் தமிழில் அழுத்தம் என்பதே அமுக்கம் ஆகிவிடும். இன்னொன்று: பால்குழாய்கள் இருக்கும் திசுவைத் தமிழ்நாட்டார் ஃபுளோயம் என்று ஒலிபெயர்த்து விட்டுவிட்டார்கள். இலங்கையில் அதற்கு உரியம் என்று பெயர். உரி என்றால் பட்டை. உரிப்பது என்ற வினையிலும் அதே வேர். வளர்படலத்துக்கு அங்கே மாறிழையம். எனக்கு உரியம் பிடித்திருக்கிறது. பட்டை சீவிய வீட்டுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லைச் சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

பெரட்டுக் களத்திலிருந்து பால் ஸ்டோர் வரைக்கும் போனால் இயற்பியலும் வந்துவிடும். காண்டா வாளியில் சுமந்துவந்த பாலை நிறுத்துவதோடு விடமாட்டார்கள். கண்ணாடியிலோ உலோகத்திலோ செய்த மெட்ரோலேக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்ப்பார்கள். ரப்பர் நீரைவிட இலேசானது. பாலில் ரப்பர் கூடக்கூடக் கருவி ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்திருந்தால் மேலே நிற்கும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான். மாட்டுப்பாலுக்கு நாம் பால்மானி என்று ஒரு நல்ல சொல் வைத்திருக்கிறோமே, இதற்கும் அதுவே போதும். சாதாரணமாக மரப்பாலில் நூற்றுக்கு 30 முதல் 40 பங்குதான் ரப்பர். மழை நாளில் இறங்கிவிடும். அந்தக் கருவியின் கழுத்தில் எந்தக் கோட்டில் பால் நிற்கிறதோ அதைப் பொறுத்துக் கணக்கு. கோட்டைப் படிப்பவர் கிராணி. பால் கொண்டுவந்தவர் எட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அளவுக்கருவி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி ஓர் அறிவியல் கட்டுரையில் வரக்கூடாதா என்ன?

இங்கே நம் இலக்கியத்தையும் கொஞ்சம் கேட்க வேண்டும். அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' தொடங்கி, தோட்டப்புறத்தை எழுதிய நம் நாட்டுச் சிறுகதைகள் வரை, ரப்பர் மரம் கண்ணீருக்குச் சாட்சியாகவே நிற்கிறது. அது பொய்யில்லை. ஆனால் மரம் வெட்டியவரின் துயரத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய நாம் அவருடைய கைத்தொழில் அறிவை ஒரு வாக்கியத்தில் கடந்துவிட்டோம் என்பது என் கருத்து. ஒரு மில்லிமீட்டரைக் கையாலேயே உணர்ந்த ஒருத்தியை, பாவப்பட்டவளாக மட்டும் வாசகன் ஞாபகம் வைத்திருக்கிறான். இலக்கியத் தாளுக்குப் படிக்கும் எஸ்.டி.பி.எம். மாணவர்கள் இதை ஏற்க மறுத்தால் அதுவும் நல்லதே. மறுத்து எழுதுங்கள், ஆதாரத்தோடு.

ரப்பர் ஆய்வுக் கழகம் 1925-இல் சட்டம் போட்டு அமைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்காத விதையில் வளர்ந்த மரங்கள் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 500 கிலோ கொடுத்துக்கொண்டிருந்தன. நல்ல தாய்மரத்தின் மொட்டை எடுத்து ஒட்டுக்கட்டி, ஒரே மரத்தின் நகல்களாக ஒரு தோட்டத்தையே உருவாக்கும் முறையால் இது பல மடங்கு உயர்ந்தது. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற புகழ்பெற்ற வகை இரண்டு பெற்றோருக்குப் பிறந்தது. ஒன்று ஜாவாவின் ட்ஜிர் 1. மற்றது பிராங் பெசார் தோட்டத்தின் பி.பி. 86. பிராங் பெசார் எங்கே என்று தேடாதீர்கள். அதன் மேல்தான் இன்று புத்ராஜெயா இருக்கிறது. நம் நாட்டு நிர்வாகத் தலைநகரைப் பற்றி எத்தனை வருணனைக் கட்டுரை வாசித்திருப்போம்! ஒன்றிலாவது இந்தச் செய்தி உண்டா?

இந்தக் கழகத்துக்கு 1966-இல் இயக்குநரானவர் பி.சி. சேகர், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆசியர். 1929-இல் சுங்கை பூலோ தோட்டப்புறத்தில் பிறந்தவர். 1973-இல் மக்சேசே விருது பெற்றார். அவர் காலத்தில் நடந்த மாற்றத்தை மாணவர்களுக்குச் சொல்வது எளிது. அதுவரை புகைபோட்ட ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, கண்ணால் பார்த்துத் தரம் பிரித்தார்கள். பளபளப்பு இருந்தால் முதல் தரம். 1965-இல் வந்த மலேசியத் தர ரப்பர் திட்டம் அழுக்கு எவ்வளவு, சாம்பல் எவ்வளவு என்று சோதனைச்சாலையில் அளந்து எண்ணாகச் சொன்னது. ரப்பரைத் துகளாக்கிக் கட்டியாக அழுத்தும் முறையும் இந்தக் கழகத்தில் உருவானதே. அதில் ரப்பர் உருளையில் போகும்போது பொலபொலவென்று உதிர்வதற்குச் சேர்த்த பொருள் கொஞ்சம் ஆமணக்கு எண்ணெய்! (கட்டுரைகளை நாமும் இன்னும் வெளிச்சத்தில் பிடித்துப் பளபளப்புப் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறோமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.)

ரப்பரை விட்டு ஈயத்துக்கு வந்தால் கதை கொஞ்சம் கசக்கும். ஈயத்தாதுவின் அடர்த்தி ஏறத்தாழ 7. மணலின் அடர்த்தி 2.65. கிந்தா பள்ளத்தாக்கில் டூலாங் தட்டு முதல் பாலோங் வரை எல்லாமே இந்த ஒரு வேறுபாட்டை நம்பி நடந்தவை. தண்ணீர் ஓட ஓட மணல் போய்விடும், தாது தங்கிவிடும். தஞ்சோங் துவாலாங்கில் இப்போது சுற்றுலாப் பயணிகள் ஏறிப் படம் எடுக்கும் ஈயக் கப்பலும் இதே வேலையைத்தான் செய்தது. 1938-இல் கட்டிய 4,500 டன் இயந்திரம் அது. 1982 வரை ஓடியது. ஆனால் கனமாக இருப்பதால் தங்கிவிடுவது ஈயம் மட்டுமில்லை. அமாங் என்று லம்பத்துக்காரர்கள் சொல்லும் கழிவிலும் கனமான தாதுக்கள் உண்டு. அவற்றில் ஒன்று மோனசைட். அதில் அரிய மண் தனிமங்களும் இருக்கின்றன, கதிரியக்கம் உள்ள தோரியமும் இருக்கிறது.

ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் ஆலை 1982-இல் இந்த மோனசைட்டிலிருந்து தனிமங்களைப் பிரிக்கத் தொடங்கியது. மிஞ்சிய தோரியக் கழிவை எங்கே வைப்பது என்பதில் சிக்கல் எழுந்தது. 1985-இல் கிராமத்தார் எட்டுப் பேர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஆலையை மூடச்சொல்லித் தீர்ப்பு வந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 1994-இல் நிறுவனமே மூடிவிட்டது. இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இரண்டு தரப்பும் அளவீடுகளையும் வல்லுநர்களையும் முன்வைத்தே வாதாடின. அதே ஊர், அதே மண், இரண்டு முடிவு. எங்கே அளந்தார்கள், எப்போது, எவ்வளவு நேரம் என்று கேட்காமல் யார் சொல்வது சரி என்று சொல்ல முடியாது. அறிவியலின் தீமைகள் என்று பொதுவாக நான்கு வரி எழுதுவதற்கும் இதை எழுதுவதற்கும் உள்ள தூரத்தை விளக்க வேண்டியதில்லை.

செமோருக்குப் போகும் வழியில் கந்தான் மலை. சுண்ணாம்புக்கல் மலைகள் ஒவ்வொன்றும் ஒரு தீவு மாதிரி. ஓடு கட்டச் சுண்ணாம்புச்சத்து வேண்டிய நத்தை ஒரு மலையில் குடியேறிவிட்டால், நடுவில் உள்ள சமவெளியைத் தாண்டி அடுத்த மலைக்குப் போவது கடினம். தலைமுறை தலைமுறையாகத் தனித்து வாழ்ந்து தனி இனமாகிவிடும். கந்தானில் இப்படி ஒரு சின்ன நத்தையை 2014-இல் ஆய்வாளர்கள் முதன்முதலாக வருணித்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சரோப்பா லஃபார்ஜை. அந்த மலையில் கல் உடைத்துச் சிமெண்ட் செய்த லஃபார்ஜ் நிறுவனத்தின் பெயர்! மலை இருந்தால் நத்தை உண்டு, மலை போனால் நத்தை இல்லை; அதை முடிவு செய்யும் கையின் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள். அந்த மலையின் பெயரையே தாங்கிய ஒரு குகைச்சிலந்தி இனமும் 1997-இல் பதிவாகியிருக்கிறது. ஆகுபெயர் நடத்தும் நாளில் இந்த இரண்டு பெயரையும் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், வகுப்பு தூங்காது.

லெங்கோங் எல்லாருக்கும் தெரிந்ததே. 1991-இல் கிடைத்த பேராக் மனிதன், வயது சுமார் 10,000 ஆண்டு, 2012-இல் உலக மரபுரிமைத் தகுதி. மாத்தாங் சதுப்புநிலக் காடு 1902 முதல் திட்டமிட்டு வெட்டி வளர்க்கப்படுவது. நட்டு முப்பது ஆண்டு கழித்துத்தான் வெட்டு. தோட்டங்களின் மலேரியாவை எழுதுபவர்கள் மால்கம் வாட்சன் பெயரைத் தேடிப் படிக்கலாம். சதுப்பில் காட்டை வெட்டி வடிகால் போட்டால் ஒருவகைக் கொசு ஒழிகிறது; மலைப்பாங்கான தோட்டத்தில் காட்டை வெட்டினாலோ வெயில் படும் ஓடையில் வேறொரு கொசு பெருகுகிறது என்று அவர் கண்டதற்கு விலை கொடுத்தவை தமிழ்த் தொழிலாளர் உயிர்கள். அதற்குத் தனிக் கட்டுரையே வேண்டும்.

இதையெல்லாம் தமிழாசிரியர் ஏன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும், அறிவியல் ஆசிரியர் இருக்கிறாரே என்று கேட்கும் சக ஆசிரியர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் நம் பிள்ளைகளின் பாதையைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு அறிவியலைத் தமிழில் படிக்கிறார்கள். நடுவே 2003-இல் ஆங்கிலத்துக்குப் போய்ச் சில ஆண்டுகளில் திரும்பியது. இருமொழித் திட்டம் நடக்கும் பள்ளிகள் வேறு. இடைநிலைப்பள்ளிக்கு வந்ததும் அறிவியல் மலாயில் அல்லது ஆங்கிலத்தில். ஒளிச்சேர்க்கை, அடர்த்தி, உராய்வு என்று ஆறாண்டு பழகிய சொற்களை அதன்பிறகு அவர்கள் வாயில் எடுக்க ஓர் இடம்தான் மிச்சம்: வாரத்தில் சில பாடவேளை வரும் நம் தமிழ் வகுப்பு. அங்கேயும் நாம் 'அசுர வளர்ச்சி'யை எழுதவைத்தால், பதினேழு வயதில் அந்தப் பிள்ளைக்குத் தமிழ் என்பது வாழ்த்தவும் வருந்தவும் மட்டும் உதவும் மொழியாகிவிடும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தையே தமிழில் கற்பித்து நூல்களைத் தமிழாக்கியது 19-ஆம் நூற்றாண்டில். தமிழால் முடியுமா என்ற விவாதம் அப்போதே முடிந்துவிட்டது.

இன்னொரு பக்கம் தோட்டச் சொற்கள் போய்க்கொண்டிருக்கின்றன. மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், தீம்பார். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. சொல்லத் தெரிந்தவர்களுக்கு எழுபது, எண்பது வயது. இவை வெறும் வட்டார வழக்கு இல்லை. ஒட்டுப்பால் வெட்டுக்கோட்டிலேயே காய்ந்து ஒட்டிக்கொண்டது. கட்டிப்பால் மங்குக்குள் உறைந்தது. தரம் வேறு, விலை வேறு. கலைச்சொல் என்பதற்கு இதைவிட வேறென்ன இலக்கணம்?

மாணவர்களே, தேர்வில் இதற்கு நேரம் இருக்குமா என்று உங்களுக்குத் தோன்றும். ஒரே ஒரு பத்தி போதும். கீழே இருப்பது மாதிரி:

'என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து மரம் வெட்டப் போனார். இரவில் மரத்தின் பால்குழாய்களுக்குள் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக்கும், அழுத்தம் குறையும், பாலும் குறையும். ஆகவே விடியுமுன் வெட்டுவது அறிவியல் முறை. பட்டையை வளர்படலம் வரை வெட்டாமல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல் விட்டார். அதனால் அதே மரம் பல ஆண்டுகள் பால் தந்தது.'

இதில் உவமை இல்லை, மரபுத்தொடர் இல்லை. 'ஆகவே', 'அதனால்' என்ற இரண்டு இணைப்புச்சொல் காரணத்தை விளைவோடு கட்டுகின்றன. 'அறிவியல் முறை' என்ற தொடர் மட்டும் எனக்கு உறுத்துகிறது; அதை எடுத்துவிட்டு 'விடியுமுன் வெட்டினால்தான் மங்கு நிறையும்' என்று எழுதினால் இன்னும் சரியாக இருக்கும். பாட்டி எந்தத் தோட்டம், எத்தனை மணி என்பதை மட்டும் வீட்டில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பாட்டி இல்லாதவர்கள் கந்தான் நத்தையை எடுத்துக்கொள்ளலாம்.